வலேரியன் வேரும் வராத தூக்கமும்

ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் ஆளுயரத்துக்கு வளர்ந்து, வெளிர் இளஞ்சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூக்கிற செடி வலேரியன். பூவின் மணம் இனிமையானது. மருந்தாவது பூவல்ல, வேர். மண்ணிலிருந்து அப்போதுதான் எடுத்த வேரில் வாடை அதிகம் இருக்காது. அது காயத் தொடங்கியதும் உள்ளிருக்கும் வலிபோட்ரியேட்டுகள் என்ற சேர்மங்கள் சிதைந்து ஐசோவலேரிக் அமிலம் வெளிப்படும். நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய சாக்ஸின் நாற்றத்துக்குக் காரணமான அதே அமிலம். மனிதர் மூக்கைப் பொத்தும் இந்த வேரைப் பூனைகள் தேடி வந்து முகர்ந்து புரளும். இதன் சாற்றை வடித்து உலர்த்திச் செய்த மாத்திரைகள் ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கடைகளில் நெடுங்காலமாக விற்பனையில் உள்ளன. இப்போது இணையக் கடைகள் வழியாக, 'இயற்கையான தூக்கம்' என்ற வாக்குறுதியோடு இந்திய வீடுகளுக்கும் வருகின்றன. இதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கியதாகச் சொல்பவர்கள் பலர். அவர்கள் சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தத் தூக்கத்தைக் கொடுத்தது வேர்தானா என்று கேட்டால், இதுவரை கிடைத்த சான்றுகள் ஆம் என்று சொல்லும் அளவுக்கு வலுவாக இல்லை. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுத் தவிப்பவர்கள் இதையே நம்பியிருந்தால், பலன் தரக்கூடிய சிகிச்சை அவர்களுக்குத் தள்ளிப்போகிறது. என் கவலை அதுதான்.

வலேரியனுக்காக வாதாடுபவர்கள் முதலில் காட்டுவது அதன் பழமையை. இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் பயன்படுத்தும் ஒன்று பயனில்லாமலா போகும் என்கிறார்கள். மதிக்க வேண்டிய வாதம்தான். நம் கைமருந்துகள் பலவற்றையும் நாம் இப்படித்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் வேர் எதற்குப் பயன்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் இந்த இனத்து வேரைச் சிறுநீர் பெருக்கியாகவும் விலாவலிக்கான கஷாயமாகவும் சொல்கிறார். பின்னால் வந்த கேலன் தூக்கமின்மைக்குக் கொடுத்ததாகச் சொல்வதுண்டு. 1592-இல் இத்தாலியத் தாவரவியலாளர் ஃபாபியோ கொலோனா, தன் வலிப்பு நோயை இந்த வேரே தீர்த்தது என்று எழுதினார்; அதன்பின் நெடுங்காலம் ஐரோப்பாவில் இது வலிப்புக்கான மருந்தாகவே பேர் வாங்கியிருந்தது. இன்று வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயிக் அமிலம் வேதியியல் முறையில் வலேரிக் அமிலத்தின் உறவு என்பது உண்மை. ஆனால் அதன் மருத்துவக் குணம் 1960-களில் ஆய்வகத்தில் தற்செயலாகத் தெரியவந்தது. கொலோனாவின் வேருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆக, பழமை நமக்குச் சொல்வது, இந்த வேரை மக்கள் பல நோய்களுக்குச் சாப்பிட்டார்கள், பெரிய கேடு வராமல் தப்பித்தார்கள் என்பதை மட்டுமே. தூக்கம் வருமா என்பதற்குத் தனியாகத்தான் சான்று தேட வேண்டும்.

ஆய்வகத்தில் கிடைத்த சான்று முதல் பார்வையில் அசத்துகிறது. மூளையின் பரபரப்பைத் தணிக்கும் முக்கிய நரம்புக்கடத்தி காபா. அது நரம்பணுவின் ஏற்பியில் சேர்ந்ததும் குளோரைடு அயனிகள் உள்ளே பாய்ந்து அந்த அணு அடங்குகிறது. டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் அந்த ஏற்பியில் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு காபாவின் வேலைக்குப் பலம் சேர்க்கின்றன. வலேரியன் வேரிலுள்ள வலெரினிக் அமிலமும் இதே ஏற்பியில் வேலை செய்கிறது என்று 2007-இல் வியன்னா ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏற்பியின் உறுப்புகளில் பீட்டா 2 அல்லது பீட்டா 3 இருந்தால்தான் அதன் வேலை நடக்கும் என்பதையும் கண்டுபிடித்தார்கள். 2009-இல் இன்னொரு குழு, பீட்டா 3 உறுப்பில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி எலிகளை வளர்த்தது. சாதாரண எலிகளின் பயத்தை வலெரினிக் அமிலம் தணித்தது. மாற்றப்பட்ட எலிகளிடம் அது எடுபடவில்லை. மூலிகை ஆராய்ச்சியில் இவ்வளவு துல்லியமாக ஒரு சேர்மத்தையும் அது வேலை செய்யும் இடத்தையும் இணைத்துக் காட்டுவது அபூர்வம். வேரில் காபாவே இருக்கிறதே என்று சில விற்பனையாளர்கள் சொல்வதற்கு இந்த மதிப்பு இல்லை. வாய்வழி போகும் காபா இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை.

ஆனால் எலியின் உடம்பில் நடந்தது நம் உடம்பிலும் நடக்க, சேர்மம் போதிய அளவில் அங்கே போய்ச் சேர வேண்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆறு பேருக்கு வழக்கமான அளவான 600 மில்லிகிராம் வலேரியன் கொடுத்து இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலெரினிக் அமிலம் உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சம் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 2 நானோகிராம். சுமார் ஒரு மணி நேரத்தில் அதிலும் பாதி மறைந்துவிடும் கணக்கு. ஆய்வகத்தில் ஏற்பிகளை அசைக்கத் தேவைப்பட்டதோ மைக்ரோமோலார் அளவுகள். இந்த அமிலத்தின் மூலக்கூறு எடை 234. ஆகவே 1 மைக்ரோமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு 234 நானோகிராம். இரத்தத்தில் தென்பட்டது அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, 'காபா ஏற்பியில் வேலை செய்வதாக நிரூபிக்கப்பட்டது' என்ற விளம்பர வரியை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வேரில் இன்னும் எத்தனையோ சேர்மங்கள் உள்ளன, எல்லாம் சேர்ந்து வேலை செய்யலாமே என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. லினாரின் என்ற ஃபிளேவனாய்டு உட்படப் பலவற்றுக்கு விலங்குகளில் தூக்கம் தரும் குணம் தென்பட்டிருக்கிறது. அப்படியானால் சேர்மங்களைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு, வேரைச் சாப்பிட்ட மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்பதே நேரான வழி.

1982-இல் சுவிட்சர்லாந்தில் 128 பேரிடம் நடந்த ஆய்வு இந்தத் துறைக்கு நம்பிக்கை கொடுத்தது. 400 மில்லிகிராம் சாற்றைச் சாப்பிட்ட இரவுகளில், குறிப்பாகத் தூக்கம் சரியில்லாதவர்கள், நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். அதன்பின் ஆய்வுகள் பெருகின. 2006-இல் 16 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,093 பேரையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, வலேரியன் சாப்பிட்டவர்கள் தூக்கம் மேம்பட்டதாகச் சொல்லும் வாய்ப்பு மருந்துப்போலி (மருந்தில்லாத போலி மாத்திரை) சாப்பிட்டவர்களைவிட 1.8 மடங்கு என்றது. விற்பனையாளர்கள் இந்த எண்ணை விரும்பி எடுத்துக்காட்டுவார்கள். அதே தொகுப்பாய்வு, சாதகமான முடிவு வந்த சிறிய ஆய்வுகளே அச்சேறியிருப்பதற்கான அடையாளம் தெரிகிறது என்றும், ஆய்வுமுறைகள் தரத்தில் ஏற்றத்தாழ்வாக உள்ளன என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரிகளும் எண்ணோடு சேர்ந்து வர வேண்டும். பெரிய ஆய்வுகளிடம் போகும்போது பலன் கரைகிறது. 2005-இல் இணையம் வழியே 391 பேரிடம் நான்கு வாரம் நடந்த அமெரிக்க ஆய்வில் வலேரியன் மருந்துப்போலியை விஞ்சவில்லை. நார்வேயில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தன் நேயர்களையே ஆய்வுக்கு அழைத்தது. 405 பேர் இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டார்கள். தூக்கம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டதாகச் சொன்னவர்கள் வலேரியன் குழுவில் நூற்றுக்கு 29 பேர், மருந்துப்போலிக் குழுவில் 21 பேர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் கணக்கின் முடிவு. தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையலைகளைப் பதிவு செய்த சிறு ஆய்வுகளும் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு ஆழ்ந்த தூக்கத்தில் சிறு முன்னேற்றம் கண்டன. மற்றவை மாற்றம் எதையும் காணவில்லை.

இங்கேதான் வேரின் நாற்றம் முக்கியமாகிறது. யார் மருந்து சாப்பிடுகிறார், யார் போலி சாப்பிடுகிறார் என்பது எவருக்கும் தெரியக் கூடாது என்பது இத்தகைய சோதனைகளின் அடிப்படை விதி. வலேரியன் சீசாவைத் திறந்தாலே வாடை காட்டிக்கொடுத்துவிடும். சில ஆய்வாளர்கள் மாத்திரைக்குக் கெட்டியான மேற்பூச்சு கொடுத்தார்கள். சிலர் போலி மாத்திரையிலும் அந்த நாற்றத்தைச் சேர்த்தார்கள். சிலர் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றே சொல்லவில்லை. தனக்குக் கிடைத்தது நிஜ மருந்து என்று மூக்கால் அறிந்துகொண்டவர், அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகச் சொல்வதில் வியப்பில்லை. சாதகமாக வந்த சிறிய ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மறந்துவிட முடியாது.

வலுவான எதிர்வாதம் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. தூக்கமின்மை என்பதே உணர்வு சார்ந்த குறை. நோயாளிக்கு நன்றாகத் தூங்கிய நிறைவு வந்தால் போதாதா, கருவி என்ன சொன்னால் என்ன என்று கேட்கலாம். இதை நான் பாதிக்கு மேல் ஏற்கிறேன். இரத்தச் சர்க்கரைபோல ஓர் எண்ணை வைத்துத் தூக்கமின்மையைக் கண்டறிவதில்லை. நோயாளி சொல்வதை வைத்துத்தான் கண்டறிகிறார்கள். தவிர, டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் சோல்பிடெம் வகை மாத்திரைகளின் பலனிலும் ஏறத்தாழ பாதி மருந்துப்போலியாலேயே கிடைக்கிறது என்றும், தூக்கம் பிடிக்கும் நேரத்தை அவை போலியைவிடச் சுமார் 22 நிமிடம்தான் குறைக்கின்றன என்றும் 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு கண்டது. ஆகவே வலேரியனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. ஆனாலும், உணர்வையே அளவுகோலாக வைத்தாலும் போலியை வெல்ல வேண்டுமல்லவா? நார்வே ஆய்வு கேட்டது நேயர்களின் உணர்வைத்தான். அங்கேயே வேர் தெளிவாக வெல்லவில்லை. படுக்கப் போகுமுன் தனக்காக ஒன்றைச் செய்துகொண்டோம் என்ற ஆறுதலே தூக்கம் தருகிறது என்றால், அந்த ஆறுதலை வெதுவெதுப்பான பாலும் தரும்.

அப்படியென்றால் ஐரோப்பிய மருந்து முகமை ஏன் இதை ஏற்றது? 2016-இல் அது எத்தனாலில் வடித்த குறிப்பிட்ட உலர்சாற்றை மட்டும், லேசான மன இறுக்கத்துக்கும் தூக்கக் கோளாறுக்கும் ஏற்கத்தக்கது என்றது. தேநீர், தூள் போன்ற மற்ற வடிவங்களை மரபுவழிப் பயன்பாடு என்ற கணக்கில் மட்டும் வைத்தது. பலன் மெல்லத்தான் தெரியும், இரண்டு முதல் நான்கு வாரம் தொடர வேண்டும், உடனடித் தேவைக்கு உகந்ததல்ல என்றும் சொன்னது. தூக்கம் வராத ஒரே ஓர் இரவுக்காக வாங்கி விழுங்குபவர்கள் கவனிக்க வேண்டிய வரி அது. மறுபுறம், அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2017-இல், தூக்கமின்மைக்கு வலேரியனைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. சான்று பலவீனமாக இருப்பதால் பரிந்துரையும் மென்மையானதுதான் என்று சேர்த்தே சொன்னது. 2020-இல் 60 ஆய்வுகளைத் திரட்டிய இன்னொரு தொகுப்பு, முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக வருவதற்கு வேர்ச்சாற்றின் சீரற்ற தரமும் காரணமாகலாம் என்றது. இது எனக்குச் சரியாகவே படுகிறது. வலிபோட்ரியேட்டுகள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைபவை. எப்போது தோண்டினார்கள், எப்படிக் காயவைத்தார்கள், எத்தனை மாதம் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே பெயரில் இரண்டு சீசாவில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கலாம்.

நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு குழப்பம். இமயமலையில் வளரும் இந்திய வலேரியன் வேறு இனம். ஆயுர்வேதத்தில் தகரம் என்று வழங்குவது அது. ஐரோப்பிய இனத்தைவிட வலிபோட்ரியேட்டுகள் இதில் கூடுதல். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சடாமாஞ்சில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடியின் வேர்த்தண்டு. பெயரும் வாடையும் நெருங்கியிருப்பதால் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய வேரில் நடந்த ஆய்வின் முடிவை, நல்லதாகட்டும் கெட்டதாகட்டும், மற்ற இரண்டின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. சடாமாஞ்சில் செடி அளவுக்கு மீறித் தோண்டப்பட்டு அழிவின் விளிம்புக்கு வந்திருப்பதும் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

பக்கவிளைவுக் கணக்கில் வலேரியனுக்கு நல்ல பெயர்தான். ஏறத்தாழ 20 கிராம் வேரை ஒரே தடவையில் விழுங்கிய ஒருவர் ஒரு நாளில் தேறிய பதிவு மருத்துவ இதழ்களில் உண்டு. அதற்காக யோசிக்காமல் சாப்பிடலாம் என்றாகாது. மதுவோடும், டயசிபாம் போன்ற மாத்திரைகளோடும் சேர்ந்தால் மயக்கம் கூடலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆய்வுகள் இல்லை. 12 வயதுக்குட்பட்டோருக்கு ஐரோப்பிய முகமை பரிந்துரைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அதிக அளவில் சாப்பிட்டு வந்த ஒருவர், அறுவை சிகிச்சைக்குப் பின் அது திடீரென நின்றுபோனதில் மனக்குழப்பத்துக்கும் இதயச் சிக்கலுக்கும் ஆளானதாக 1998-இல் ஓர் அறிக்கை வந்தது. அவர் வேறு பல மருந்துகளும் சாப்பிட்டவர் என்பதால் பழி முழுவதையும் வேரின் மேல் போட முடியாது. அறுவை சிகிச்சைக்கு முன் இதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு அது போதுமான காரணம்.

அப்படியானால் மாதக்கணக்கில் தவிப்பவர்களுக்குப் பலன் தரக்கூடிய சிகிச்சை எது? வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் தாண்டினால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது எந்த மாத்திரையையும் அல்ல, தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. சில வாரங்களில் முடியும் பயிற்சி இது. தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். கண் சொக்கும்போதுதான் மறுபடி படுக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குபவருக்கு, படுக்கும் நேரத்தையே முதலில் ஐந்தரை மணி நேரமாகச் சுருக்கி, தூக்கம் இறுகிய பிறகு கால் மணி கால் மணியாகக் கூட்டுகிறார்கள். முதல் இரண்டு வாரம் பகலில் அசதி கடுமையாக இருக்கும். வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களும், வலிப்போ இருமுனை மனநோயோ உள்ளவர்களும் இந்தச் சுருக்கத்தை டாக்டரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால், அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.