பிரான்சில் ஒரு பச்சை அட்டை

நம்மவர் மேற்படிப்புக்காகப் பிரான்சு செல்வது இன்று புதுமையன்று. 2024ஆம் ஆண்டு நம் குடியரசு நாள் விழாவுக்கு விருந்தினராக வந்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மாக்ரோன், 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களைத் தம் நாட்டில் காண வேண்டும் என்றார். போகிறவர்கள் என்னிடம் வந்து விசாவைப் பற்றிக் கேட்கிறார்கள். குளிராடையைப் பற்றிக் கேட்கிறார்கள். அரிசியும் புளியும் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர் இதுவரை இருவரே. அங்கே இரண்டு கல்வியாண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்நாட்டு அரசாங்கம் தரும் உடல்நல அட்டையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

அந்த அட்டைக்குக் 'கார்த் வித்தால்' என்று பெயர். பச்சை நிறம், வங்கி அட்டையின் அளவு, அதில் ஒரு சில்லு. 1998இல் வழக்கிற்கு வந்தது. 2007 முதல் உரியவரின் நிழற்படமும் அதில் இடம் பெறுகிறது. அதைக் காட்டிப் பணம் எடுக்க முடியாது; நம் நோய் விவரமும் அதில் இல்லை. நாம் யார், நமக்கு என்ன உரிமை உண்டு என்பதை மட்டுமே அது சொல்லும். மருத்துவர் தம் கருவியில் அதைச் செருகினால் போதும். கணக்கு நேரே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்விடும். சில நாட்களில் பணம் நம் வங்கிக் கணக்கிற்குத் திரும்பி வரும்.

அயல்நாட்டு மாணவனுக்கு இதை ஏன் தருகிறார்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 அக்டோபர் 4ஆம் நாள் ஆணை ஒன்றினால் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு தோன்றிற்று. தொடக்கத்தில் அது உழைப்பாளர்க்கே உரியது. படிப்படியாக விரிந்து, 2016ஆம் ஆண்டு முதல், அங்கே நிலையாக வாழ்கிற எவருக்கும் மருத்துவச் செலவில் பங்கு உண்டு என்றாயிற்று. மற்றவர்கள் பொதுவாக மூன்று மாதம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மாணவருக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. முன்னெல்லாம் மாணவர்களுக்கெனத் தனி நிறுவனங்கள் இருந்தன. ஆண்டுக் கட்டணமும் இருந்தது. 2018க்கும் 2019க்கும் இடையில் அந்த ஏற்பாட்டை நீக்கி, எல்லாரையும் பொதுக் காப்பீட்டில் சேர்த்துவிட்டார்கள். இன்று பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பணம் கேட்டு யாராவது 'பதிவு செய்து தருகிறேன்' என்றால் விலகிவிடுங்கள்.

பதிவு செய்யும் முறை கடினமன்று. பிரான்சு போய்ச் சேர்ந்து, பல்கலைக்கழகத்தில் சேர்க்கையை முடித்த பிறகே தொடங்க வேண்டும்; இங்கிருந்தபடி செய்ய இயலாது. காப்பீட்டு அலுவலகத்தின் 'அமெலி' என்னும் இணையதளத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. கடவுச்சீட்டு, விசா, சேர்க்கைச் சான்று, நம் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் விவரத் தாள், பிறப்புச் சான்று ஆகியவற்றைப் படியெடுத்து அனுப்ப வேண்டும். நீண்ட நாள் மாணவர் விசாவை, போய்ச் சேர்ந்த மூன்று மாதத்திற்குள் இணையத்தில் உறுதி செய்வது தனி வேலை. அதையும் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. அனுப்பியவை சரியாக இருந்தால் முதலில் ஒரு தற்காலிக எண் வரும். ஆவணங்களை ஆராய்ந்த பிறகு நிலையான எண் வரும். நிலையான எண் வந்தால்தான் அட்டைக்கு நிழற்படம் அனுப்ப முடியும்.

இந்த எண் ஒரு வேடிக்கையான எண். மொத்தம் 15 இலக்கம். ஆணுக்கு முதல் இலக்கம் 1, பெண்ணுக்கு 2. அடுத்துப் பிறந்த ஆண்டு, பிறந்த மாதம். பிறகு 99, வெளிநாட்டில் பிறந்தவர் என்பது பொருள். அடுத்து 223, அது நம் இந்தியா. ஆகவே 2003ஆம் ஆண்டு மே மாதம் மதுரையில் பிறந்த பெண்ணின் எண் 2 03 05 99 223 என்று தொடங்கும். பிறகு மூன்று இலக்க வரிசை எண். முதல் 13 இலக்கத்தை 97ஆல் வகுத்து, மீதியை 97இலிருந்து கழித்தால் கடைசி இரண்டு இலக்கம் கிடைக்கும். கணிதத் துறை நண்பர்கள் போட்டுப் பார்க்கலாம்.

இனி, நம்மவரை உண்மையில் வருத்துகிற இடத்திற்கு வருகிறேன். அது பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து உண்டு, அது தந்தையின் பெயர். பிரெஞ்சு அலுவலருக்கோ குடும்பப் பெயர் இல்லாத மனிதனை எண்ணிப் பார்க்கவும் முடிவதில்லை. இரா. செந்தில் என்பவரின் கடவுச்சீட்டில் 'செந்தில்' இயற்பெயராகவும் 'இராமசாமி' குடும்பப் பெயராகவும் இருக்கும். பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் 'செந்தில்' என்று மட்டும் இருக்கும். பள்ளிச் சான்றில் 'செந்தில் இரா.' என்றிருக்கும். மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். தாளைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? (மருத்துவமனைக் கூடத்தில் 'மெசியே இராமசாமி' என்று கூப்பிடுவார்கள். நம் அப்பாவை யாரோ அழைக்கிறார்கள் என்று முதலில் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.) கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயராக இருக்கிறதோ அதையே பல்கலைக்கழகத்திலும் வங்கியிலும் காப்பீட்டிலும் ஓரெழுத்தும் மாறாமல் எழுத வேண்டும். ஓரிடத்தில் சுருக்கி, ஓரிடத்தில் விரித்து எழுதினால் கோப்பு அங்கேயே நிற்கும்.

பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நம் பெயர் இருக்க வேண்டும். இதில் என்ன ஐயம் என்பீர்கள். நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சான்றை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் பிறந்த அன்றே பதிவான சான்றுகள் பலவற்றில் 'ஆண் குழந்தை' அல்லது 'பெண் குழந்தை' என்பதோடு சரி. பெயருக்குரிய இடம் வெறுமையாகக் கிடக்கும். பள்ளியில் சேரும்போது யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 14ஆம் பிரிவில், பெயரைப் பின்னர்ச் சேர்க்க வழி செய்திருக்கிறது. அதற்குக் கால வரம்பும் உண்டு. ஆகையால் இந்த விடுமுறைக்கு ஊர் போகும்போதே நகராட்சியிலோ ஊராட்சியிலோ விசாரித்துவிடுங்கள். அதன் பிறகு மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் 'அப்போஸ்தில்' முத்திரை ஆகியவற்றையும் பெற்றுக்கொண்டால் அங்கே கேள்வி எழாது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கேட்டால், அந்நாட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் செய்ததாக இருக்க வேண்டும். நாமே அழகாகப் பெயர்த்து எழுதினாலும் செல்லாது.

என்னுடன் தங்கியிருந்த தமிழ் நண்பர் ஒருவரின் சான்றில் பெயர் இல்லை. ஊரில் அவருடைய அண்ணன் அலுவலகத்திற்கும் வீட்டிற்குமாக நடந்தார். இங்கே இவர் காத்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் இவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. அட்டை வராமல் மருத்துவர் பார்க்க மாட்டார் என்று எண்ணி, ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரையை விழுங்கிக்கொண்டு பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தார். பதின்மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நான் 15ஆம் எண்ணை அழைத்தேன். வந்தவர்கள் அட்டையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நுரையீரல் அழற்சி என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் பிழைத்து வந்தார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் வேண்டாதவை. அட்டை இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போகலாம். முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு, அவர் எழுதித் தரும் பழுப்பு நிறச் சிகிச்சைத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். எண் வந்த பின் அதை அலுவலகத்துக்கு அனுப்பினால் பணம் திரும்பும். அதற்கு இரண்டு ஆண்டு தவணை உண்டு. பல்கலைக்கழகத்திலேயே மாணவர் நலப் பிரிவு இருக்கும். அங்கே மருத்துவரைப் பார்க்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 15 அல்லது 112. இந்த இரண்டு எண்களையும் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். முதல் சில மாதங்களுக்கு இங்கிருந்தே ஒரு பயணக் காப்பீடு எடுத்துச் செல்வதும் நல்லது.

அட்டை வந்தால் எல்லாம் இலவசம் என்றும் நினைக்க வேண்டா. பொது மருத்துவரின் கட்டணம் 2024 டிசம்பர் 22 முதல் 30 யூரோ. அதில் நூற்றுக்கு 70 பங்கு, அதாவது 21 யூரோவைக் காப்பீடு ஏற்கும். அதிலிருந்தும் 2 யூரோவைக் கழித்துக்கொண்டு 19 யூரோ தரும். அதுவும் ஒரு மருத்துவரை 'என் மருத்துவர்' என்று முன்கூட்டிப் பதிவு செய்தவருக்கே. பதிவு செய்யாதவருக்கு 30 பங்குதான். கழிவு போகக் கையில் வருவது 7 யூரோ. ஒரே மருத்துவர், ஒரே கட்டணம், ஒரு படிவம் நிரப்பாததால் 12 யூரோ இழப்பு! மாணவனுக்கு அது இரண்டு மூன்று வேளைச் சாப்பாடு. சில ஊர்களில் புதியவர்களை ஏற்கும் மருத்துவர் எளிதில் கிடைப்பதில்லை. ஆகையால் உடம்பு நன்றாக இருக்கும்போதே தேடிவிட வேண்டும்.

மீதிப் பங்கை ஏற்கத் துணைக் காப்பீடு உண்டு; 'மியூத்துவெல்' என்பார்கள். அது தனியார் வாணிபம், விலையும் பலவகை. மூக்குக் கண்ணாடி அணிபவரும் பல்வலிக்காரரும் எண்ணிப் பார்த்து வாங்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கமே துணைக் காப்பீடு தரும் திட்டம் ஒன்று 2019 நவம்பர் முதல் இருக்கிறது. தகுதி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு தனியாரிடம் போங்கள்.

ஆண்டுக்கொரு முறை மருந்துக் கடையிலுள்ள கருவியில் அட்டையைச் செருகிப் புதுப்பிக்க வேண்டும்; ஒரு நிமிட வேலை. விடுமுறையில் இத்தாலிக்கோ செர்மனிக்கோ போகிறவர்களுக்குப் பச்சை அட்டை பயன்படாது. அதற்கு நீல நிற ஐரோப்பிய அட்டை வேறு இருக்கிறது. அமெலிக் கணக்கிலேயே கேட்டால் கட்டணமின்றி அஞ்சலில் அனுப்புவார்கள். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே கேட்டுவிடுங்கள்.