கூண்டுக்குள்ளே மனிதர், வெளியே சுறா!

மிருகக்காட்சிசாலையில் குழந்தைக்குப் புலியைக் காட்டியிருப்பீர்கள். புலி கூண்டுக்குள்ளே, நாம் வெளியே. தென் ஆஸ்திரேலியக் கடலில் இது தலைகீழ்! மனிதர்கள் கூண்டில் அடைபட்டு நீரில் இறங்க, வெள்ளைச் சுறா சுற்றிச் சுற்றி வந்து அவர்களை வேடிக்கை பார்க்கிறது. "அம்மாடி! காசையும் கொடுத்து இந்த வம்பு வேறயா?" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

இதற்கு வழி செய்தவரே சுறாவிடம் கடிபட்டவர்தான். பெயர் ராட்னி ஃபாக்ஸ். 1963 டிசம்பரில், அடிலெய்டுக்குத் தெற்கே ஆல்டிங்கா கடற்கரையில் ஈட்டியால் மீன் பிடிக்கும் போட்டி. நீருக்கடியில் இருந்தவரை ஒரு வெள்ளைச் சுறா மார்போடு சேர்த்துக் கவ்விவிட்டது. அப்போது அவருக்கு வயது 23. ஆஸ்பத்திரியில் போட்ட தையல்கள் 462! பிரசவத்தில் நாலு தையல் போட்டதற்கே நாம் எத்தனை நாள் முனகினோம்?

வேறொருவராக இருந்தால் கடல் இருக்கும் திசையில்கூடத் தலை வைத்துப் படுத்திருக்க மாட்டார். இவரோ மிருகக்காட்சிசாலையில் சிங்கங்களைப் பார்த்தபோது, கூண்டில் மனிதன் இருந்தால் என்ன என்று யோசித்தார். பிறந்தது இரும்புக் கூண்டு. 1975-இல் வெளிவந்து உலகத்தையே கதிகலங்க வைத்த 'ஜாஸ்' படத்தின் நிஜச் சுறாக் காட்சிகளும் அந்தப் பக்கத்துக் கடலில் எடுத்தவைதாம். பிற்பாடு, சுறாவைக் கொல்லக் கூடாது என்று வாதாடியவர்களில் ஃபாக்ஸும் ஒருவர்!

இன்று போர்ட் லிங்கன் துறைமுகத்திலிருந்து நெப்டியூன் தீவுகளுக்குப் படகில் போகிறார்கள். அங்கே கடல்நாய்கள் கூட்டம் கூட்டமாக வாழ்வதால் சுறாவுக்கும் அது விருந்து வீடு. படகை ஒட்டிக் கூண்டு மிதக்கும். தடித்த ரப்பர் உடை, மூச்சுக்குப் படகிலிருந்து குழாய். நீச்சல் வீராங்கனையாக இருக்க வேண்டியதில்லை. குளிர்தான் பல்லைக் கிட்ட வைக்கும். மீன் துண்டுகளையும் எண்ணெயையும் கலந்து விட்டு வாசனை காட்டிச் சுறாவை அழைக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். சோற்றைக் காட்டி ஏமாற்றுவது போல இல்லையா? வாசனைக்குப் பதில் நீருக்குள் பாட்டுப் போட்டு அழைத்த படகும் உண்டு!

முதுகுத் துடுப்பின் வெட்டுக்களையும் உடம்பில் சாம்பலும் வெண்மையும் சேரும் கோட்டையும் படமெடுத்து, வந்தது புதிதா, பழைய விருந்தாளியா என்று அடையாளம் காண்கிறார்கள். மிகப் பெரிதாக வருபவை பெண் சுறாக்கள். பதினைந்து அடிக்கு மேலும் வளரும். ஆண், உருவத்தில் சின்னவர்தான்!

ஆனால் அவள் தாயாவது சுலபமில்லை. பருவமடையவே முப்பது வயதைத் தாண்டுகிறதாம். முட்டையை வெளியே இடுவதில்லை, குட்டியாகவே ஈனுகிறாள். 2014-இல் ஜப்பானின் ஒகினாவா அருகே வலையில் சிக்கி இறந்த ஒரு கர்ப்பிணிச் சுறாவை ஆராய்ந்தவர்கள் திகைத்துப் போனார்கள். ஆரம்ப மாதங்களில் கருப்பையே பால் போன்ற திரவத்தைச் சுரந்து குட்டிகளுக்கு ஊட்டுகிறது! பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்து போடும் நம் பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

அந்தப் பிரசவத்தை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. கூண்டுக்காரர்களும்தான். பிறக்கும்போதே நாலைந்து அடி நீளம். தாலாட்டும் கிடையாது, தாய் மடியும் கிடையாது. அந்த நிமிஷமே குட்டி தன் வழியே நீந்திப் போய்விடுகிறது.