ரெட்ஷர்ட் ஆண்டு

ரெட்ஷர்ட் ஆண்டு என்பது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு மாணவர் அணியோடு பயிற்சி மட்டும் பெற்று, போட்டிகளில் இறங்காமல் தன் ஆட்ட உரிமையைச் சேமித்து வைக்கும் ஆண்டாகும். பெரும்பாலும் இது கல்லூரியின் முதலாம் ஆண்டாக அமைகிறது. இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசம் அணிந்து மோதியும் ஆடும் அமெரிக்க விளையாட்டு.

பெயரும் விதியும்

1937-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவர் வாரன் ஆல்ஃப்சன், அந்த ஆண்டு பயிற்சியில் மட்டும் கலந்துகொள்ள அனுமதி கேட்டு, எண் இல்லாத சிவப்புச் சட்டையுடன் களத்துக்கு வந்தார் என்றும், அதிலிருந்தே இப்பெயர் வந்தது என்றும் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் புதிய மாணவர்கள் பொதுவாக முதன்மை அணியில் ஆட முடியாது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1972-ல் இத்தடையை நீக்கியது. புதியவரை உடனே ஆட விடுவதா, ஓராண்டு வளர்த்தெடுப்பதா என்ற கேள்வி அதன் பிறகுதான் முழு வடிவம் பெற்றது.

நெடுங்காலமாக உள்ள விதிப்படி, ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். ஆக, ஓராண்டு காத்திருந்தாலும் இழப்பில்லை. ஆனால் முன்பு, கடைசி நிமிடங்களில் சில ஆட்டங்களுக்கு இறக்கிவிட்டாலே ஒரு முழுப் பருவம் செலவானதாகக் கணக்கிடப்பட்டது. மாணவருக்கு நேர்ந்த உண்மையான நட்டம் இதுதான். ஆடியதாகவும் இல்லை, காத்திருந்ததாகவும் இல்லை. அந்த முடிவை எடுப்பவரும் பெரும்பாலும் பயிற்சியாளரே. 2018-ல் நான்கு போட்டிகள் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் உரிமை நீடிக்கும் என்று விதி தளர்த்தப்பட்டது.

இடத்தைப் பொறுத்த விடை

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. தாக்குதல் வரிசையில் நிற்பவர் ஏறக்குறைய 135 கிலோ எடையுடன், தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்களைத் தடுக்க வேண்டும். பதினெட்டு வயது உடலுக்கு அந்த வலு வர, ஓராண்டு உணவும் உடற்பயிற்சியும் தேவை. இங்கே காத்திருப்பதே சரி. பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கின் நிலை வேறு. வேகமும் உள்ளுணர்வும் இருந்தால் போதும். 1980-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஹெர்ஷல் வாக்கர் முதலாம் ஆண்டிலேயே 1,616 யார்டுகள் ஓடினார். அவர் அணி தோல்வியின்றித் தேசிய வாகையர் ஆனது.

குவாட்டர்பேக் இடத்தில்தான் விவாதம் சூடாகிறது. ஜானி மன்சியெல் 2012-லும் ஜேமிஸ் வின்ஸ்டன் 2013-லும் 'முதலாண்டு வீரர்' என்ற தகுதியில் ஹைஸ்மன் கோப்பை பெற்றனர். இருவருமே அதற்கு முந்தைய ஆண்டை ரெட்ஷர்ட் ஆகக் கழித்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வளாகத்தில் அது அவர்களுக்கு இரண்டாம் ஆண்டு.

கிளெம்சன், 2018

புதிய விதி வந்த அதே பருவத்தில், கிளெம்சன் அணியின் முதல் நான்கு போட்டிகளையும் இறுதியாண்டு குவாட்டர்பேக் கெல்லி பிரையன்ட் தொடங்கினார். நான்கிலும் வெற்றி. ஆயினும் அவருடைய இடம் புதியவரான டிரெவர் லாரன்சுக்குப் போனது. நான்கோடு நிறுத்திக்கொண்ட பிரையன்ட், மிஞ்சிய பருவத்தை மிசூரி பல்கலைக்கழகத்தில் ஆடினார். புதியவர்களை மனத்தில் கொண்டு வந்த சலுகை, இடம் இழந்த மூத்தவருக்குப் பயன்பட்டது. லாரன்ஸ் தலைமையில் கிளெம்சன் இறுதிப் போட்டியில் அலபாமாவை 44–16 என வென்றது.

2021 முதல், முதன்முறை கல்லூரி மாறும் வீரர் ஓராண்டு காத்திராமல் உடனே ஆடலாம் என்றானதால், பொறுமையாக வளர்த்த வீரர் வேறு அணிக்குப் போய்விடுவாரோ என்ற அச்சம் பயிற்சியாளர்களுக்கு வந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., பள்ளிப் படிப்பு முடிந்து மூன்றாண்டுகள் ஆனவர்களையே ஏற்கிறது. ரெட்ஷர்ட் ஆண்டும் அந்த மூன்றில் அடங்கும். மன்சியெலும் வின்ஸ்டனும் இரண்டே பருவங்கள் ஆடிவிட்டுத் தொழில்முறைக்குச் சென்றனர். மீதமிருந்த இரண்டு பருவங்களை அவர்கள் பயன்படுத்தவே இல்லை.