தந்தி உயர்ந்த கிடார்

அருணாசலத்தை நாடித் தேசாந்தரங்களிலிருந்து வருகிறவர்கள், கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்து, பங்குனி வெயில் மலைப் பாறைகளைக் காய்ச்சத் தொடங்கியதும் புறப்பட்டு விடுகிறார்கள். போகும்போது செங்கம் சாலைப் பக்கத்து வாடகை வீடுகளில் அவர்கள் விட்டுச் செல்லும் பொருள்கள் பலவிதம். கம்பளி, புஸ்தகம், தியானத்துக்கென்று வாங்கிய மெத்தை. சில சமயம் ஒரு கிடாரும் உண்டு. கம்பளிக்கு உடனே உபயோகம் ஏற்படுகிறது. கிடாரோ பரணில் ஏறிவிடுகிறது. பிறகு ஒரு நாள் பழைய சாமான் வாங்குகிறவரின் தராசில் இறங்குகிறது.

அப்படி இறங்க இருந்த ஒன்றை நாம் பார்க்க நேர்ந்தது. அதைத் தராசுக்கு அனுப்புமுன் வீட்டுக்காரர் தச்சரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தார். அவர் கண்டுபிடித்த குறை ஒன்றே ஒன்று. தந்திகள் பலகையை விட்டு வெகு உயரத்தில் நின்றன; எந்த விரலாலும் அழுத்த முடியாது. "மேருவை அரத்தால் ராவித் தாழ்த்திவிட்டால் சரியாகிவிடும், ஐயா, பத்து நிமிஷ வேலை" என்று அவர் சொன்னாராம். நல்ல காலமாக அன்று அவரிடம் அரம் இல்லை.

வாத்தியத்தை மடியில் கிடத்திக்கொண்டு பார்த்தோம். சாதாரணக் கிடாரின் தண்டி ஒரே கட்டையால் ஆனது. கை பிடிப்பதற்காகப் பின்புறம் உருட்டியிருக்கும். இதிலோ தண்டியின் பின்புறம் தட்டையாகவும் சதுரமாகவும் இருந்தது. தட்டினால் பெட்டி போல் ஒலித்தது. உள்ளே பொள்ளல்! குடத்தின் காற்றறை பிருடைகளின் அடிவரை நீண்டு போயிருந்தது. மெட்டுகளும் மேலெழும்பி நிற்கவில்லை. பலகையோடு பலகையாகப் பதித்த கோடுகளாகவே இருந்தன. விரலால் அழுத்துவதற்காக ஏற்பட்ட கோடுகள் அல்ல அவை. ஸ்வரஸ்தானத்தைக் கண்ணுக்குக் காட்டுவதற்காக இட்ட அடையாளங்கள்.

கோட்டுவாத்தியத்தைப் பார்த்திருக்கும் தமிழருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. வீணையைப் போன்ற அந்த வாத்தியத்தில் மெட்டுகளே கிடையாது. கருங்காலி போன்ற கட்டை ஒன்றைத் தந்திகளின் மேல் வழுக்கிச் செலுத்தித்தான் ஸ்வரங்களை எழுப்ப வேண்டும். திருவிடைமருதூர் ஸகாராம ராவும், அவருடைய சிஷ்யர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர்கள். இக்காலத்தில் சித்திரவீணை என்றும் சொல்கிறார்கள். அதில் தந்தி உயரமாயிருக்கிறதே என்று யாரும் அரம் தேடியதில்லை. உயரம் இருந்தால்தான் கட்டை பலகையில் இடிக்காமல் ஓடும்.

நம் முன் இருந்தது அந்த வாத்தியத்துக்குப் பஸிபிக் சமுத்திரத்திலுள்ள உறவினன்: ஹவாய் கிடார். கிடாரை மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வாசிக்கும் முறையை, 1889-ஆம் ஆண்டு வாக்கில் ஜோஸப் கெகுகு என்ற ஹவாய்ச் சிறுவன் கண்டுபிடித்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். அவனுக்கு முன்பே, இந்தியாவில் பிறந்து கப்பலில் அங்கே போய்ச் சேர்ந்த காப்ரியல் டேவியன் என்பவர் அவ்வாறு வாசித்ததாகவும் சிலர் எழுதியிருக்கிறார்கள். இதை நம்புவதற்கு நம் தேசாபிமானம் துடிக்கிறது. ஆனால் வழக்கைத் தீர்க்க அது மட்டும் போதாதே!

1915-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் நடந்த பனாமா-பஸிபிக் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் ஹவாய் சங்கீத மோகம் பரவியது. அப்போது லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் ஹெர்மன் வைஸன்பார்ன் என்ற ஜெர்மானியர் இந்தப் பொள்ளல் தண்டிக் கிடார்களைச் செய்து புகழ் பெற்றார். அவருக்கு முன்னோடி கிறிஸ் நட்ஸன். மரம் பெரும்பாலும் ஹவாய்த் தீவின் கோவா. நம் வேல மரத்துக்கு அது உறவு. வைஸன்பார்ன் செய்த வாத்தியங்களில், நடுத்துவாரத்தின் வழியே விளக்கடித்துப் பார்த்தால், முதுகுப் பலகையில் சூடு போட்ட முத்திரை தெரியும். நாம் பார்த்ததில் அது இல்லை. இவ்வகைக் கிடார்களை இன்றும் பலர் செய்து வருகிறார்கள். ஆகவே கைவேலை யாருடையது என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்ன ஜாதி வாத்தியம் என்று தெரிந்ததே மேருவைக் காப்பாற்றப் போதுமானதாயிற்று.

இந்த ஹவாய்க் குடும்பம் நம் நாட்டுக்கு அந்நியமும் அல்ல. ஸமோவாவில் பிறந்த தாவ் மோ என்ற வித்வான் 1940-களில் குடும்பத்துடன் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் ரவீந்திரரின் கீதங்களை இந்தக் கிடாரில் வாசிப்பது வீட்டுப் பழக்கமாகவே ஆயிற்று. பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராக ஆலாபனை செய்து காட்டினார். விசுவமோகன் பட் தந்திகளைக் கூட்டி மோகன வீணை என்று பெயரிட்டு, 1994-ல் கிராமி பரிசும் பெற்றார்.

பரணில் வேறு கிடார்கள் இருந்தாலும், பார்க்க வேண்டிய இடம் பெரும்பாலும் உட்புறமே. 1833-ல் தொடங்கிய மார்ட்டின் கம்பெனியார் 1898 முதல், தண்டி வந்து சேரும் உட்கட்டையில் தொடர் எண் பொறித்து வருகிறார்கள். எண் தெரிந்தால் வருஷம் தெரியும். உடலே உலோகமாக இருந்து, உள்ளே அலுமினியக் கூம்பு தென்பட்டால், 1927-ல் ஆரம்பமான நாஷனல் கம்பெனியின் வழிவந்தது என்று கொள்ளலாம். தலையில் 'கிப்ஸன்' என்று கண்டு மனக்கோட்டை கட்டுமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வது நலம்; கல்கத்தாவிலிருந்து வரும் 'கிவ்ஸன்' கிடாருக்கும் அதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

மரத்தையும் கவனிக்க வேண்டும். மார்ட்டின் கம்பெனியார் வெகுகாலம் பிரேஸில் தேசத்து ரோஸ்மரத்தையே உபயோகித்தார்கள். அது அருமையாகிவிடவே, 1969-ல் இந்திய ரோஸ்மரத்துக்கு மாறினார்கள். அது வேறொன்றுமல்ல, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரந்தான். உலகத்தின் உயர்ந்த கிடார்கள் பலவற்றின் முதுகு நம் ஈட்டி என்பதை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? பிரேஸில் மரம் 1992 முதல் சர்வதேச ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருப்பதால், அம்மரத்தாலான வாத்தியத்தை விட்டுச் சென்றவருக்கே திருப்பி அனுப்புவதானாலும் அநுமதிப் பத்திரம் தேவைப்படும்.

அதுவரையில் வாத்தியத்தை ஓட்டுக் கூரையின் அடியில் வைக்கலாகாது. பழைய கிடார்களை ஒட்டியிருப்பது வஜ்ஜிரம். சித்திரை வெயிலில் அது இளகும். தந்திகளைத் தளர்த்தி வைக்க வேண்டும். பொள்ளல் தண்டி அதிக இழுப்பைத் தாங்காது. புது வார்னிஷ் பூசலாகாது. செங்கம் சாலை வீட்டுக்காரர் இப்போது அதைப் பருத்தித் துணியில் சுற்றி, நெல் குதிருக்குப் பக்கத்தில், சுவரில் சாய்க்காமல் படுக்க வைத்திருக்கிறார். இரும்புத் துண்டுக்குப் பட்டறையில் சொல்லியிருக்கிறாராம்.