பழைய கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

பெங்களூர் அல்சூரில் ஒரு வீடு. கூடத்து மூலையில், தூசு படியாதபடி துணி போர்த்திய கம்ப்யூட்டர். 2016-ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற கையோடு, கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வீட்டுக்காரர் வாங்கியது. பென்ஷன் வரவைப் பார்ப்பதும், மின்சாரக் கட்டணம் கட்டுவதும், வருமான வரிக் கணக்குக் கொடுப்பதும் அதில்தான். சொந்த ஊர்க் கோயில் திருப்பணிக் கணக்கும், தாத்தா கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த கதையும் தமிழில் தட்டச்சு செய்யப்பட்டு அதற்குள்ளேதான் இருக்கின்றன.

2025 அக்டோபர் மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு விவாதம். விண்டோஸ் 10-ஐ விட்டுவிட்டு விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும் என்று திரையில் அறிவிப்பு வந்தபடி இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன், புதிய கம்ப்யூட்டரே வாங்கிவிடுங்கள் என்றார். எஸ்.பி. ரோடு கடைக்காரர் இரண்டு மணி நேரத்தில் புதியதை ஏற்றித் தருவதாகச் சொன்னார். ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்பது வீட்டம்மாளின் கட்சி. மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை.

கெடு முடிந்தது

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-இல். அதற்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. அன்று இரவோடு கம்ப்யூட்டர்கள் நின்றுவிடவில்லை. மறுநாளும் வழக்கம்போல் ஓடின. ஆகவே பலர் இதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் திருத்தம் என்பது சும்மா அலங்காரம் அல்ல. எந்தப் பெரிய மென்பொருளிலும் புதிது புதிதாக ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடைப்பதுதான் அந்தத் திருத்தம். 2017 மே மாதம் ‘வானாகிரை’ என்ற நச்சு நிரல் உலகம் முழுவதும் பரவியது. கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில், திருத்தம் தரப்பட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

வைரஸ் தடுப்பு இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விண்டோஸ் 10-உடன் வரும் தடுப்பு மென்பொருளுக்குப் புதிய வைரஸ்களின் விவரங்கள் 2028 அக்டோபர் வரை தரப்படும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது உண்மைதான். ஆனால் காவல்காரன் இருக்கிறான் என்பதற்காக இடிந்த சுவரை அப்படியே விட்டுவைக்க முடியுமா? வங்கிக் கணக்கைத் திறக்கிற கம்ப்யூட்டரில் அந்த ஆபத்தை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

‘ஐ5’ இருந்தால் போதுமா?

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5-இல். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு அது இலவசம். ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரும் அதற்கு ஏற்றதல்ல. 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பு இடமும், சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இவற்றோடு, மைக்ரோசாப்ட் வெளியிட்ட பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஐ5’ இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-6400 என்றால் ஆறாம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டு. ஐ5-10400 என்றால் பத்து. மிகச் சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை தள்ளப்பட்டுவிட்டன. ஏ.எம்.டி. ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசை முதல்.

2018-க்குப் பிறகு வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிப்பது நல்லது. டி.பி.எம். இல்லை என்று திரை சொன்னாலும், அநேகமாக அது உள்ளேயே இருக்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் ‘பயாஸ்’ அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதை இயக்கப் பத்து நிமிஷம் போதும். அதற்காகப் புது மதர்போர்டு வாங்கச் சொல்லும் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். கம்ப்யூட்டர் ஏற்றதா இல்லையா என்பதை மைக்ரோசாப்ட் தரும் ‘பி.சி. ஹெல்த் செக்’ என்ற இலவச மென்பொருளே சொல்லிவிடும்.

ஏற்றது என்று தெரிந்தால் மாறிவிடுவதே நல்லது. தயங்கக் காரணம் இல்லை. 4 ஜி.பி. போதும் என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் 8 ஜி.பி.யும், சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ‘எஸ்.எஸ்.டி.’யும் இருந்தால்தான் நிம்மதி. மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பவும் வழி உண்டு.

ஓர் எச்சரிக்கை. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் கோப்புகள் தாமாகவே பூட்டிட்டுச் சேமிக்கப்படுகின்றன. ஏதாவது கோளாறு வந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இணையத்தில் அந்தக் கணக்கில் இருக்கும். கடைப் பையன் தன் கணக்கில் நுழைந்து நிறுவிக் கொடுத்திருந்தால்? குடும்பப் புகைப்படங்களின் சாவி யாரோ ஒருவர் கையில்!

தமிழ் எழுத்து என்ன ஆகும்?

வெளிமாநிலத் தமிழர் வீடுகளுக்கு இது முக்கியமான கேள்வி. யூனிகோடு பரவுவதற்கு முன்பு, ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து உருவத்தை வைத்து ஓட்டிய காலம் அது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால், தாத்தா கதை முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, எழுத்துருவை மறந்துவிட்டு வருவதுதான் வழக்கமான தவறு. இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதைவிட நல்லது, பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. ‘என்.எச்.எம். கன்வெர்ட்டர்’ போன்ற மாற்றிகள் இதற்கென்றே உள்ளன. மாற்றிய பிறகு ஒரு முறை படித்துப் பார்த்துவிட வேண்டும்.

பழைய தமிழ் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 32 பிட் பதிப்பும் இருந்தது. அதில் 1990-களின் 16 பிட் மென்பொருள்கள் சிலவற்றை ஓட்ட முடிந்தது. விண்டோஸ் 11-இல் 64 பிட் மட்டுமே. அந்த மென்பொருள்கள் அதில் ஓடா. பழைய பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி ஆகியவற்றுக்கும் புதிய டிரைவர் கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

ஏற்காத கம்ப்யூட்டருக்கு என்ன வழி?

கட்டுப்பாட்டை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தரும் வித்தை பல கடைகளில் நடக்கிறது. ஏற்றுவது பெரிய காரியமில்லை. அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குத் திருத்தங்கள் தர உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்லிவிட்டது. எதற்காக மாறுகிறோமோ அதுவே கிடைக்காமல் போகலாம்.

அவகாசம் வேண்டியவர்களுக்கு ஒரு நீட்டிப்புத் திட்டத்தை 2025-இல் அந்த நிறுவனம் அறிவித்தது. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் தர 30 டாலர். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கம்ப்யூட்டர் அமைப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கச் சம்மதிப்பவர்களுக்கு இலவசம். மூச்சுவிட நேரம் தந்தது, அவ்வளவே.

இன்னொரு வழி, லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், தமிழிலும் எழுதலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். ஆனால் விண்டோஸுக்கென்று செய்த கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் அதில் ஓடா. பிள்ளைகளுக்குச் சுலபமாக வருவது எழுபது வயதுக்காரருக்கும் அப்படியே வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

அல்சூர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆறாம் தலைமுறை. பரிசோதனை மென்பொருள் உடனே கைவிரித்துவிட்டது. வீட்டுக்காரர் புதியது வாங்கவில்லை, கடைக்காரரிடமும் கொடுக்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றினார். இரண்டு பென் டிரைவுகளில் நகல் எடுத்து, ஒன்றைத் தங்கவயலில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். வங்கி வேலையும் வரி வேலையும் செல்பேசிக்குப் போயின. பிறகு, கம்ப்யூட்டருக்கு வரும் இணையக் கேபிளைக் கழற்றிச் சுருட்டி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

இப்போது அந்தத் திரையில் அறிவிப்பு எதுவும் வருவதில்லை. காலையில் காபி குடித்ததும் போர்வைத் துணியை எடுத்துவிட்டு, தாத்தா கதையின் அடுத்த பகுதியைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுகிறார்.