கட்டி முடியாத பாலத்தின் பளு

பள்ளி மண்டபத்தின் கூரையை அண்ணாந்து நோக்கும் மாணாக்கர், இரும்புச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகப் பிணைந்திருப்பதைக் காணலாம். பெரிய எஃகுப் பாலங்களும் இவ்வாறே அமைகின்றன. பளு ஏறுங்கால் சில சட்டங்கள் இழுபடும், சில அமுக்கப்படும். இழுபடுவது மெல்லியதாயினும் தாங்கும். அமுக்கப்படுவது மெலிந்திருந்தால் நெளிந்து மடியும்.

மலாக்கா ஆறுபோல் ஒடுங்கியதாயின், அடியில் முட்டுக்கொடுத்தே பாலத்தைக் கட்டிவிடலாம். கப்பலோடும் அகன்ற ஆற்றில் அது எளிதன்று. இரு கரைகளிலிருந்தும் பாலத்தை வெளியில் நீட்டிக்கொண்டே வந்து நடுவில் இணைக்கவேண்டும். அதுவரை பாலம் தன் எடையையே தாங்கிக்கொண்டு நிற்கவேண்டும்.

கனடாவின் கியூபெக் பாலம் இவ்வாறு எழும்பியதே. அதன் நடுக்கண்ணை 488 மீட்டரிலிருந்து 549 மீட்டராக நீட்டினர். எடையை மட்டும் மறுபடி கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்டில், தூணருகே இருந்த கீழ்ச்சட்டங்கள் வளையத் தொடங்கின. களப்பொறியாளர் மக்லூர் நியூயார்க் சென்று, ஆலோசகர் தியோடர் கூப்பரிடம் நேரில் தெரிவித்தார். இனிப் பளு ஏற்றலாகாதெனக் கூப்பர் தந்தி அடித்தார். ஆனால் அது பாலக்களத்துக்கன்றி, பாகங்கள் செய்த நிறுவனத்துக்கே சென்றது. அன்று, ஆகஸ்டு 29-இல், பாலம் சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர். அதன்மேல் பயணிகள் ரயில் ஒன்றும் ஓடியதில்லை. தந்தி உரிய வேளையில் களத்தை அடைந்திருந்தாலும் பாலம் தப்பியிராது, ஆட்கள் தப்பியிருப்பர்.

1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கல்கத்தாவின் ஹௌரா பாலமும் இவ்வகையினதே. அதன் நடுக்கண் 457 மீட்டர். பாரந்தூக்கிகள், தாம் கட்டிய சட்டங்களின் மீதே ஊர்ந்து முன்னேறின. நடுவிலுள்ள 172 மீட்டர்ப் பகுதியே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. பாலம் முடிந்தபின், அப்பகுதி இருபுறக் கைகளின் நுனிகளில் தங்கும் ஓர் உத்தரம். அதன் மேற்சட்டம் அமுங்கும், கீழ்ச்சட்டம் இழுபடும். கட்டும்போதோ, ஒவ்வொரு பாதியும் சுவரில் செருகிய பலகைபோல் தனித்து நீண்டிருந்தது. மேற்சட்டம் இழுபட்டது, கீழ்ச்சட்டம் அமுங்கியது. முடிந்த பாலத்துக்கு மட்டும் கணக்கிட்டிருந்தால், இழுவிசைக்கென அமைத்த மெல்லிய சட்டம் நெளிந்திருக்கும். எனவே ஒரே சட்டத்தை இரு வாழ்நாள்களுக்கும் கணக்கிடவேண்டியிருந்தது. இறுதியில், தலைக்கு 800 டன் ஆற்றலுடைய 16 நீரழுத்த ஜாக்கிகளின் துணையால் இரு பாதிகளும் இணைந்தன. அதன்பின்னரே மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் தத்தமக்குரிய விசைகளை ஏற்றன.