பைக் டிரெய்லருக்கு எந்த அளவு சக்கரம்? எக்ஸெல்லில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எக்ஸெல் என்றாலே மாதச் செலவுக் கணக்கு, மார்க் லிஸ்ட், சீட்டுக் கணக்கு என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன்பும் அதைத் திறக்கலாம். இரும்பை வெட்டிய பிறகு தெரியவரும் விஷயத்தை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடும். இந்த மாதம் அப்படி ஒரு கணக்கு: பைக்கின் பின்னால் மாட்டி இழுக்கும் சரக்கு டிரெய்லருக்கு எந்த அளவுச் சக்கரம் போடுவது?

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. சிற்பக்கூடத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கல் போக வேண்டும். சவுக்குத் தோப்பிலிருந்து கட்டை வெளியே வர வேண்டும். சென்னையில் மீன்பாடி வண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மாட்டி ஓட்டியவர்கள் நம்மவர்கள். குஜராத்தின் சௌராஷ்டிராவில் புல்லட்டின் முன்பாதியோடு இரண்டு சக்கரத் தொட்டியைச் சேர்த்து 'சக்கடா' என்று ஓட்டினார்கள். ஆகவே பைக்குக்கு ஒரு டிரெய்லர் என்பது யாருக்கும் அதிசயமாகத் தோன்றாது.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே டிரெய்லரும் சேர்ந்திருக்கிறது. பதிவு செய்யாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது 39-வது பிரிவு. எனவே பட்டறையில் செய்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறாதீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேட்பதும் சிக்கலாகிவிடும். கீழே வரும் கணக்கெல்லாம் சொந்தத் தோப்பு, பட்டறை வளாகம் ஆகியவற்றுக்குள் மெதுவாக ஓட்டும் வண்டிக்குத்தான்.

சரி, எக்ஸெல்லைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் செய்யலாம். ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.

ஏ காலத்தில் ரிம் அளவு, பி காலத்தில் டயரின் அகலம், இரண்டும் அங்குலத்தில். இவை டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். ஆட்டோ ரிக்ஷா டயர் 4.00-8 என்றால் அகலம் 4 அங்குலம், ரிம் 8 அங்குலம். சேடக் போன்ற பழைய ஸ்கூட்டர்களுக்கு 3.50-10. மொபெட்டுக்கு 2.50-16. 100 சிசி பைக்குக்கு 2.75-18. இந்த வகை டயரில் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம் என்பதால், சி2 செல்லில் =(ஏ2+2*பி2)*25.4 என்று டைப் செய்து என்டர் தட்டினால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். மற்ற வரிசைகளுக்கு அதையே கீழே டிராக் செய்யுங்கள். 406, 432, 533, 597 என்று வரும். புது ஸ்கூட்டர்களில் 90/100-10 என்று இருக்கும். அகலம் 90 மி.மீ., உயரம் அதில் 100 சதவீதம், அதாவது இன்னொரு 90. கூட்டிப் பார்த்தால் 434 மி.மீ. ஆக, பழைய 3.50-10 டயரும் இதுவும் உயரத்தில் ஒன்றுதான்.

பெரிய சக்கரம்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். டி2 செல்லில் =சி2/2 என்று கொடுத்தால் ஆரம். ஜி1 செல்லில் 50 என்று போடுங்கள். இது வழியில் கிடக்கும் செங்கல் துண்டு அல்லது சவுக்கு வேரின் உயரம், மி.மீ. கணக்கில். இ2 செல்லில்:

=எஸ்கியூஆர்டி(2*டி2*$ஜி$1-$ஜி$1^2)/(டி2-$ஜி$1)

டாலர் குறி எதற்கு என்றால், டிராக் செய்யும்போது ஜி1 மட்டும் இடம் மாறாமல் இருக்க. கிடைக்கும் எண், சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் எத்தனை பங்கு விசையால் இழுத்தால் அது தடையின் மேல் ஏறும் என்பதைச் சொல்லும். 8 அங்குல ரிம்முக்கு 0.87, 10-க்கு 0.83, 16-க்கு 0.72, 18-க்கு 0.67. சக்கரத்தின் மேல் 100 கிலோ இருந்தால் ஆட்டோ சக்கரத்துக்கு 87 கிலோ விசை வேண்டும், பைக் சக்கரத்துக்கு 67 போதும். காற்றடைத்த டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ஜி1-ல் 100 என்று மாற்றினால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும்: 1.70-க்கு எதிரே 1.12.

இதுவரை பார்த்தால் 18 அங்குலம்தான் ஜெயிக்கிறது. பலரும் இங்கேயே முடிவெடுத்து, வீட்டில் கிடக்கும் பழைய பைக்கின் இரண்டு சக்கரங்களை மாட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம் அடுத்த ஷீட்டில் இருக்கிறது.

பைக் வளைவில் சாய்கிறது. அதனால் விசை சக்கரத்தின் தளத்திலேயே ஸ்போக்ஸ் வழியாக இறங்குகிறது. இரண்டு சக்கர டிரெய்லர் சாயாது. வளைவில் வரும் விசை சக்கரத்தைப் பக்கவாட்டில் மடக்கப் பார்க்கும். ஒல்லியான ஸ்போக்ஸ் ரிம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆரம் கூடக் கூட மடக்கும் நெம்புகோலும் நீள்கிறது. 10 அங்குல ரிம்மோடு ஒப்பிட்டால் 18-க்கு 38 சதவீதம் அதிகம். ஆட்டோவும் சாயாத வண்டிதான். அதற்கு 8 அங்குலத் தகட்டு ரிம்மைத்தான் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது எண்கள். கருங்கல் ஒரு லிட்டர் கன அளவுக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், 45 செ.மீ. நீளம் உள்ள கல் 109 கிலோ வருகிறது. டிரெய்லர் 50, உளி, சுத்தியல், சாமான் 21 என்று வைத்தால் மொத்தம் 180. இது 100 சிசி பைக்கின் எடையைவிட அதிகம், அதற்கு மேல் போகவே வேண்டாம். சக்கரத்துக்கு மேலே பலகை என்றால், 10 அங்குல ரிம்மில் பலகை தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வரும், 18-ல் 67 செ.மீ. கல்லின் நடுப்புள்ளி அதற்கு மேல் 15 செ.மீ. ஆக, எடை மையம் 65 அல்லது 82. சட்டத்தின் எடையால் நிஜத்தில் சற்று இறங்கும்.

புது ஷீட்டில் பி1: 180. பி2: வேகம் 25. பி3: வளைவின் ஆரம் 10 மீட்டர். பி4: 65. பி5: இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 90 செ.மீ. பிறகு பி6-ல் =(பி2/3.6)^2/பி3/9.81, பி7-ல் =பி1*பி6*பி4/பி5, பி8-ல் =பி1/2+பி7, பி9-ல் =பி1/2-பி7. பி8 வெளிச் சக்கரத்தின் மேல் வரும் எடை, பி9 உள் சக்கரத்தின் மேல் மிச்சம் இருப்பது.

65 செ.மீ.க்கு விடை 154-ம் 26-ம். பி4-ஐ 82 ஆக்குங்கள்: 171-ம் 9-ம். உள் சக்கரத்தில் 9 கிலோதான் மிச்சம், ஒரு சின்னக் கல் தடுக்கினால் போதும். பி9 மைனஸ் காட்டினால் வண்டி ஏற்கெனவே கவிழ்ந்துவிட்டது என்று பொருள்.

எந்த வேகத்தில் கவிழும் என்று கேட்க, எக்ஸெல்லில் டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனுவிலேயே கோல் சீக் இருக்கிறது. பி9-ஐ 0 ஆக்க வேண்டும், மாற்ற வேண்டியது பி2 என்று கொடுங்கள். 10 அங்குல ரிம்முக்கு 29.7 கி.மீ., 18-க்கு 26.4. தோப்புக்குள் 10 மீட்டர் வளைவு எங்கே கிடைக்கும்? பி3-ல் 5 போட்டுப் பாருங்கள்: 21.0-ம் 18.7-ம். சமதளத்தில், குலுங்காத வண்டிக்கு வரும் எண்கள் இவை. ஓட்டும்போது இதில் பாதியைத் தாண்டாதீர்கள்.

டயரின் சுமையையும் இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் 42பி, 51ஜே என்று ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமைக் குறியீடு: 42 என்றால் 150 கிலோ, 48 என்றால் 180, 51 என்றால் 195, 59 என்றால் 243. எழுத்து வேகத்துக்கானது. 2.75-18 டயரில் பெரும்பாலும் 42 அல்லது 48 இருக்கும், 3.50-10 டயரில் 51 அல்லது 59. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் டயரில் உள்ளதைப் படியுங்கள். மேலே வந்த 171 கிலோ, 42 என்று அச்சான டயரின் தாங்கும் அளவை வளைவில் தாண்டிவிடுகிறது. உடனே வெடித்துவிடாது, ஆனால் பழைய டயரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

என் தேர்வு 10 அங்குல ஸ்கூட்டர் தகட்டு ரிம். இன்னொரு வசதியும் உண்டு. பைக் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தாங்கல் வேண்டும். சேடக்கின் சக்கரம் ஒரே பக்கத்தில்தான் தொங்கும், அதனால் அதன் ஹப்பையே டிரெய்லரின் ஆக்சில் முனையில் பொருத்திவிடலாம். பெட்ரோல் சேடக் தயாரிப்பு 2000-களிலேயே நின்றுவிட்டது, புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில்தான் தேட வேண்டும். ஒரு எச்சரிக்கை: இந்த ரிம் இரண்டு பாதிகளை நட் போட்டு இணைத்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டுகளில் ஸ்பேனர் வைக்காதீர்கள், ரிம் பாதி முகத்தில் வந்து அடிக்கும்.

வழியெல்லாம் வேரும் பள்ளமுமாக இருக்கிறதே என்பவர்கள் 16 அல்லது 18 போட்டே ஆக வேண்டுமென்றால், பலகையைச் சக்கரங்களுக்கு இடையே தாழ்வாக இறக்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபக்கச் சட்டம் கொடுங்கள். வெல்டிங் வேலை கூடும், ஆனால் எடை மையம் கீழே வந்துவிடும்.

கடற்கரை மணலுக்கு வேறு கணக்கு. தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. சக்கரத்துக்கு 90 கிலோ, அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ, அதாவது சுமார் 28 பிஎஸ்ஐ என்றால் 45 சதுர செ.மீ.தான். காற்றைப் பாதியாக இறக்கினால் 90. ஈர மணலிலும் தோப்பு மணலிலும் இது உதவும், கெட்டித் தரைக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். காய்ந்த மணலில் டிரெய்லருக்கு முன்பே பைக்கின் பின்சக்கரம் புதைந்துவிடும், அங்கே சக்கர அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றுவதால் பேரிங் போய்விடும் என்று ஒரு பயம் உண்டு. 25 கி.மீ. வேகத்தில் 10 அங்குல ரிம் சக்கரம் நிமிடத்துக்கு 307 சுற்றுதான் சுற்றுகிறது, பேரிங்குக்கு இது ஒன்றுமே இல்லை. கடலோரத்தில் பேரிங்கைத் தின்பது உப்பும் மணலும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையாகக் கேட்டு வாங்குங்கள். இசட்இசட் என்று இருந்தால் அது தகட்டு மூடி, ஓரத்தில் உப்புத்தண்ணீர் உள்ளே போகும்.